பதின்மூன்று பார் மௌனம்

பிப்ரவரி 4
மண்டப வாசலில் சின்னவளின் படம், ஆள் உயரத்துக்கு. கையில் கோல், முகத்தில் அந்தச் சிரிப்பு. இசை எழுதியவளும் அவளே, குழுவை நடத்துபவளும் அவளே. அதே மண்டபத்தில் பதினெட்டு வருடமாக, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவை வாசிக்கிற என்னைப் பார்த்துக் காவலாளி கேட்கிறார்: "உங்க தங்கச்சியாமே?"

பிப்ரவரி 9
அம்மா போனில்: "அவளுக்குக் கிடைச்சா உனக்குக் கிடைச்ச மாதிரிதான்டி." அப்படியா? இருபத்தாறு வயதில் நானும் ஓர் இசைப் படைப்பு எழுதினேன். யாரும் வாசித்ததில்லை. அம்மாவுக்கு அது ஞாபகம்கூட இல்லை.

பிப்ரவரி 15
அவளுடைய புதுப் படைப்பு வந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன் எப்போதும் நான்தான் பிழை பார்ப்பேன். "உன் கண்ணு பட்டாத்தான்க்கா நிம்மதி" என்று ஒரு சீட்டு வேறு.
நன்றாக இருக்கிறது. பாழாய்ப் போக, ரொம்பவே நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 17
ஒரு பிழை. நடுவில் எல்லோரும் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் போகும் இடம். எல்லா வாத்தியமும் அடங்கிய முழு ஸ்கோரில் வயோலாக்களுக்குப் பதின்மூன்று பார் மௌனம், அதாவது பதின்மூன்று தாளச் சுற்று. எங்கள் தாளில் 12. மற்றவர்கள் வாசிப்பது எங்கள் தாளில் இருக்காது. எண்ணிக்கையை நம்பித்தான் வில்லை வைப்போம். எட்டுப் பேரும் ஒரு பார் முன்னாலேயே புகுந்து காரியத்தைக் கெடுப்போம்.
பென்சிலை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18
"எல்லாம் சரி" என்று எழுதி அனுப்பியாச்சு. ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலயும் முழிக்கட்டுமே. என்ன குடி முழுகிடப் போகுது?

மார்ச் 6
முதல் ஒத்திகை. பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள் இருவர், பக்கத்தில் அம்மா.
புல்லாங்குழல் தொடங்கியது. எண்ணினேன். பன்னிரண்டு முடிந்ததும் ஏழு விற்கள் உள்ளே புகுந்தன. என் வில் அசையவில்லை. பதின்மூன்றும் முடிந்த பிறகு நான் மட்டும், சுத்தமாக, சரியாக நுழைந்தேன்.
கூட்டத்தோடு சேர்ந்து தப்பாக வாசித்திருந்தால் போதும். சனியன், கை கேட்கவில்லை. என் தாளிலும் 12 தானே!
சின்னவள் கோலை இறக்கினாள். ஸ்கோரைப் பார்த்தாள், பிறகு என்னை.
"தாள்ல தப்பு. பதின்மூணுன்னு திருத்திக்குங்க. என் கவனக்குறைவுதான், மன்னிக்கணும்."
எல்லோரும் பென்சில் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "நீங்க மட்டும் தப்பிச்சீங்க. தூங்கிட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார்.

மார்ச் 7
காபி மெஷின் பக்கம் வந்தாள். "எப்பக்கா பார்த்த?"
"என்னத்த?" என்றேன்.
கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம்ல? நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாம்.

மார்ச் 12
கச்சேரி. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான் நின்றேன்.

செப்டம்பர் 20
அவளுடைய அடுத்த படைப்பு. மற்றவர்களைப் போல எனக்கும் ஒத்திகை அன்று காலையில்தான் தாள் கிடைத்தது. மனசு கேட்காமல் ஸ்கோரை வாங்கி, ஒவ்வொரு மௌனமாக எண்ணிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. யார் பிழை பார்த்தது என்று விசாரித்தேன். கடைசி வரிசையில் அந்த நீளக் குழல், பஸூன், ஊதுகிற பஸூன்காரியாம்.
மேடையில் நிற்கிறவளை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அந்தப் பஸூன்காரியைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.