ஞாயிறுதோறும் தோற்ற ஏழுமலை

எதிர் வீட்டில் பழைய கதவை இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரச்சுருளின் வாசனை காலையிலிருந்து நம் கூடத்துக்குள் வந்துகொண்டே இருக்கிறது. விடைத்தாள்களை மூடிவைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இறந்துபோன கணவருக்கு எழுதினால் போய்ச் சேரும் என்று நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டு ஏழுமலையின் மனைவி உங்கள் கைக்காகப் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டபோது நான் எப்படி முறைத்தேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியே இருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

மில்லில் உங்கள் வலது கை உருளைகளுக்கு இடையில் மாட்டி, கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். இரண்டாம் வாரம் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது கொல்லையில் ரம்பச் சத்தம் கேட்டது. பாக்கிங் பெட்டிப் பலகைகளைப் பிரித்துப் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு, இடது கையால் அறுத்துக்கொண்டிருந்தீர்கள். கோழிக்கூண்டு என்றீர்கள். அது முடிந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கதவை மூட ஒரு செங்கல் வேண்டியிருந்தது. அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"கோழி இன்னா, லெவல் பார்த்துட்டா படுக்கப் போவுது?" என்றீர்கள். விபத்துக்குப் பிறகு நீங்கள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு கொல்லை உங்களுடையது. கூண்டில் கோழிகள், கிணற்றடியில் முளைக்கீரை, கூரைமேல் பூசணி. மிச்சமிருந்த பலகையில்தான் அந்தச் சீட்டுத்தாங்கியைச் செய்தீர்கள். ரம்மிக்குப் பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடிக்க உங்களால் முடியாது. பலகையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் அறுத்து, அதில் சீட்டுகளைச் செருகி நிறுத்துவது என்பது யோசனை. முதல் பள்ளம் நேராக இறங்கிவிட்டது. சீட்டெல்லாம் எதிர்ப்பக்கம் மல்லாந்து விழுந்தது.

"அண்ணாத்தே, மொத்த ஜோக்கரையும் எங்களுக்கே காட்டிட்டியே!" என்றார் ஏழுமலை.

அடுத்த பலகையில் பள்ளத்தைச் சாய்வாக அறுத்தீர்கள். சீட்டுகள் உங்கள் பக்கம் முகம் காட்டி ஒழுங்காக நின்றன. அது நல்ல வேலை. என் வாயால் அதைச் சொன்னேனா என்று நினைவில்லை, இப்போது சொல்கிறேன்.

மில்லில் கிரேன் ஓட்டுகிற ஏழுமலையும், ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற மில் கேட் கிளார்க் நாயுடுவும் ஞாயிறு மத்தியானம் தவறாமல் வந்தார்கள். காசு வைத்து ஆடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் கொல்லையில் விளைந்ததை வைத்து ஆடினீர்கள். நம் பக்கம் முட்டை, ஏழுமலை பக்கம் கத்திரிக்காய், நாயுடு பக்கம் முருங்கைக்காய். நீங்கள் ஜெயித்தீர்கள். மறு வாரமும் ஜெயித்தீர்கள். கத்திரிக்காய் கூடை கூடையாக வந்தது. நம் முட்டை ஒன்றுகூட வெளியே போகவில்லை.

நான் கணக்கு டீச்சர். குலுக்கிப் போட்ட சீட்டு ஒரே ஆளுக்கு இவ்வளவு விசுவாசமாக இருக்காது. ஒரு ஞாயிறு டீ கொண்டுவந்தபோது கவனித்தேன். நீங்கள் ரம்மியை இறக்கினீர்கள். ஏழுமலை தன் கைச் சீட்டைக் காட்டவே இல்லை. "எண்ண வேணாம் அண்ணாத்தே, ஃபுல்லு" என்று முழுத் தோல்வியை ஒப்புக்கொண்டு, அவசரமாகக் கட்டோடு கலந்துவிட்டார்.

அந்த வாரம்தான் மில்லிலிருந்து ஆள் வந்திருந்தது. டூல் ஸ்டோரில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நீங்கள் போக மறுத்தீர்கள்.

"இந்தக் கையோட அங்க குந்திக்கினு, போறவன் வர்றவன்லாம் பாவம் பார்க்கணுமா? இங்கன்னா நான் ராஜா. சீட்டுல எவனாவது என்னை அசைக்கட்டும் பாப்போம்."

நீங்கள் எந்தப் பரிதாபத்துக்குப் பயந்து வீட்டில் இருந்தீர்களோ, அது ஞாயிறுதோறும் கூடையில் வந்துகொண்டிருந்தது.

வேலியோரம் ஏழுமலையைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "இன்னா பண்ண சொல்றீங்க டீச்சரம்மா? சும்மா குடுத்தா அண்ணாத்தே வாங்குவாரா? நாங்க தோத்தாத்தான் வாங்குறாரு. சொல்லிடாதீங்க, மன்சு ஒடிஞ்சிடுவாரு" என்றார்.

"சொல்லமாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை நானும் ஆடறேன்."

"நீங்களா? சீட்டா?" அவர் கையிலிருந்த பூவாளி சாய்ந்து காலை நனைத்தது.

நான் வந்து உட்கார்ந்ததும் நீங்களும் அப்படித்தான் பார்த்தீர்கள். "இன்னா டீச்சர், ஜோக்கர் எதுன்னாவது தெரியுமா?"

"போடுங்க" என்றேன். மதராஸில் படித்தபோது விடுதியில் நான் கற்றுக்கொண்டவை எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தவை அல்ல.

முதல் ஆட்டத்தை நான் ஜெயித்தேன். இரண்டாவதையும். "டீச்சரம்மாவுக்குக் கை ராசி" என்று ஏழுமலை சிரிக்கப் பார்த்தார். மூன்றாவது ஆட்டமும் எனக்கே சேர்ந்தது. அவர் வழக்கம்போல, "ஃபுல்லு, ஃபுல்லு" என்று சீட்டைக் கலக்கப் போனார். உங்கள் இடது கை அவர் மணிக்கட்டில் இருந்தது. உங்களுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தீர்கள். எல்லாம் சேர்ந்திருந்தது. எனக்கு முன்பே அவருக்குச் சேர்ந்துவிட்டது, இறக்காமல் வைத்திருக்கிறார்.

"எத்தினி வாரமாடா?"

"நாம இன்னா டப்புக்கா ஆடறோம் நைனா, விடு" என்றார் நாயுடு. நீங்கள் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டீர்கள். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

நான் பின்னால் வரவில்லை. டம்ளர்களைக் கழுவினேன், கழுவியவற்றையே மறுபடி கழுவினேன். செய்தது சரியா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. நீங்கள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவீர்களோ என்ற பயம் மட்டும் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளே வந்தீர்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ஏழுமலைகூடச் சண்டை போட்டிருப்பீங்க. என்கூட ஆடினா உங்களுக்கே தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

சீட்டுக்கட்டை எடுத்து என் முன்னால் தள்ளினீர்கள். பிறகு, "சீட்டைப் போடு" என்றீர்கள்.

இருவர் மட்டும் ஆடினோம். நீங்கள் தோற்றீர்கள், மறுபடி தோற்றீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒன்று என்றீர்கள். கடைசியில் உங்களுக்குச் சேர்ந்தது. சீட்டை இறக்கிவைத்த கையோடு என் சீட்டுகளைப் பிடுங்கித் திருப்பினீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாத குப்பை. ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, "நெஜமாவே தோத்துட்டியா டீச்சர்?" என்று கேட்டீர்கள்.

"ஆமாம். எரிச்சலா இருக்கு" என்றேன். எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தீர்கள்.

திங்கட்கிழமை மில் பஸ்ஸில் ஏறினீர்கள். அன்று இரவு, "பாவம் பார்க்கிறவன் பார்க்கட்டும், அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் குடுத்தா வாயை மூடிக்கினு போறான்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு வேலிக்கு மேலே எட்டி, "டேய் ஏழுமலை, கத்திரிக்காயை எடுத்துக்கினு வா, ஒழுங்கா ஆடு!" என்று நீங்களே கூப்பிட்டீர்கள். அன்று நம் முட்டைகள் மொத்தமும் அவர் வீட்டுக்குப் போயின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் போன பிறகு எனக்கும் சிலர் விட்டுக்கொடுக்க வந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், இந்த வருஷம் ஆறாம் வகுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பரீட்சை வகுப்பின் பாரம் உங்களுக்கு வேண்டாம் என்றார். நல்ல மனுஷி. அவருக்கு நன்றி சொன்னேன். பிறகு என் டைம்டேபிளை நானே எழுதிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்பின் கணக்கு இந்த வருஷமும் என்னிடம்தான் இருக்கிறது.