உன் சேட்டிலைட்டும் எங்கள் போர்வெல்லும்

வாகட், புனே
14.5.2008

சிரஞ்சீவி ப்ரீதிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே ஏதோ ஓடுகிறது. வீட்டு போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், பூத்தில் நின்று இதையெல்லாம் பேச எனக்குத் தெம்பு இல்லை.

விஷயம் தண்ணீர்தான். நம் அபார்ட்மெண்ட் சொசைட்டி போர்வெல் வற்றி டேங்கர் வருகிறது, கீழே பிடித்து மூன்று மாடி தூக்க வேண்டும். புது போர்வெல் போட எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, சேர்மனாகப் போட வேண்டிய உன் அப்பா மட்டும் போடவில்லை. மீட்டிங்கில் எழுந்து, என் பெண் ஜெர்மனியில் சேட்டிலைட் டிசைன் பண்ணுகிறாள், அடியில் தண்ணீர் குறைந்தால் பூமியின் இழுப்பு குறையும், முன்னும் பின்னுமாகப் போகிற இரண்டு சேட்டிலைட் அதை மேலிருந்தே கண்டுபிடிக்கும், எங்கே தோண்டுவது என்று அவளே சொல்வாள், பொறுங்கள் என்று சொல்லிவிட்டார். செக்ரட்டரி மாதவ் அன்றைக்கு, அங்கிள் பஹுத் படியா, ரொம்பப் பிரமாதம் என்றார். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சைத்ர மாதம் வீட்டுக்கு வீடு அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கிற ஹல்தி குங்குமத்துக்கு இந்தத் தடவை என்னை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை.

நீ சொன்னதை உன் அப்பாவிடம் அப்படியே சொல்லிப் பார்த்தேன். அந்த சேட்டிலைட் ஜோடிக்குப் பாதி மகாராஷ்டிராவே ஒரு புள்ளி மாதிரிதான், இன்னொரு ஜோடியைச் சாய்வான பாதையில் விட்டால் கொஞ்சம் தெளியுமே தவிர நம் காம்பவுண்டெல்லாம் தெரியாது, அதுவும் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்று. கேட்டால்தானே. அவ அடக்கமா சொல்றா அபயம், உனக்குப் புரியலை என்கிறார்.

ஊரையே காக்கவைத்த உறுத்தலோ என்னவோ, இரண்டாம் மாடி ஆரோக்கியமேரி டீச்சருக்கும் சேர்த்து இவரே பக்கெட் தூக்குகிறார். படிக்குப் படி உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இதயம் பலவீனமாக இருக்கிறது, கனம் தூக்கவே கூடாது என்றார். இவர் மறுநாள் காலையே பக்கெட்டோடு இறங்கிவிட்டார். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது ப்ரீதி, பயமாகவும் இருக்கிறது.

கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு. நான் எழுதியதாகச் சொல்லாதே. உன்னால் முடியாது என்று உன் வாயாலேயே சொல்லு, நாலு சேட்டிலைட் இல்லை, நாற்பது விட்டாலும் நம் வாசலில் எங்கே தோண்டுவது என்று தெரியாது என்று சொல்லு. அடக்கமாகச் சொல்லாதே. அப்போதுதான் கையெழுத்துப் போடுவார், போர்வெல் வந்து பக்கெட் தூக்குவதும் நிற்கும். அவருக்கு வலிக்கும். வலிக்கட்டும், உயிரோடு இருந்து வலிக்கட்டும்.

நீ நீடூழி வாழ வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

இப்படிக்கு உன் அம்மா,
அபயாம்பாள்