எட்டரை மணித் தொடரை அப்பா அணைத்த நாள்

தியாகராய நகர்
மார்கழி 24, வியாழன் இரவு

அன்புள்ள தீபிகா அக்காவுக்கு,

சிந்து எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலந்தானே? என் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்க்கிறான். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு இந்தக் கடிதம். என் தோழி மெஹக்கின் அக்கா பெருங்குடியில் உன் ஆபீஸுக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறாள். நாளைக்கே உன் கையில் சேர்த்துவிடுவாள்.

நீ காதல் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகும் எட்டரை மணித் தொடர் ஒரு நாள்கூட நின்றதில்லை. மில் முதலாளி ராஜரத்தினம் மகள் நளினாவை வீட்டை விட்டுத் துரத்தினாரே, அந்த இடத்தில்தான் நீ விட்டுப் போனாய். அப்பாவுக்கு அன்றிலிருந்து அவர்தான் தெய்வம். முதலாளி என்றால் அப்படி இருக்கணும் என்பார்.

செவ்வாய்க்கிழமை நளினா திரும்பி வந்து வாசலில் நின்றாள். நம் பாலகணேஷ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சொத்தில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்றான். அப்பாவும் தலையாட்டினார். நான் சொல்லியே விட்டேன்.

"அவ பங்குக்கு வரலப்பா. கூப்பிடுவாரான்னு பாக்க வந்திருக்கா. அவருக்கும் கூப்பிட ஆசதான். கூப்பிட்டா தோத்த மாதிரி ஆயிருமேன்னு பயப்படுதாரு."

அம்மா தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா டிவியை அணைத்தார். பாதித் தொடரில், அக்கா! அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நேற்று முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று பள்ளிவிட்டு வந்தால் கூடத்தில் இரண்டு வெண்கலப் பானைகள், இரண்டு மஞ்சள் கொத்து. மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. அந்த நிறம் நம் வீட்டில் யாருக்குப் பிடிக்கும்? இரண்டாவது பானை யாருக்கு என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மூத்தவளுக்கு. பொங்கப்படி குடுக்காத வீடா இது?"

இரண்டு வருஷமாக உனக்குப் பொங்கல் சீர் கொடுக்கவிடாமல் வேறு யாரோ தடுத்த மாதிரி கேட்கிறார்! நம் கடையில் எல்லாரும் சிரிப்பார்கள் என்று அண்ணன் முணுமுணுத்தான். "சீரியல் பாத்தே கெட்டுப் போய்ட்டல நீ" என்று அப்பா அவன் வாயை அடைத்துவிட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாம் ஜெயித்துவிட்டோம், அக்கா.

கடை வைரவன் மாமாதான் கொண்டு வருவதாக முதலில் பேச்சு. சாப்பிடும்போது, நானே போறேன் என்றார் அப்பா. ஞாயிறு காலை வருவார்.

இப்போது என் பயமெல்லாம் உன் கோபத்தை நினைத்துத்தான். அவர் மன்னிப்புக் கேட்கமாட்டார். கேட்டிலேயே நின்றுகொண்டு, இங்கே தண்ணி ஒழுங்கா வருதா என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

தொடரில் இன்று ராஜரத்தினம் தேடிப் போனபோது நளினா கதவைச் சாத்திவிட்டாள். இனி இருநூறு எபிசோடு இழுப்பார்கள். நமக்கு அது வேண்டாம். "வாங்கப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை நீ முதலில் சொல்லிவிடு. மற்றதை அந்தப் பானை பார்த்துக்கொள்ளும்.

படித்ததும் கிழித்துவிடு. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியவே கூடாது. நீயாகத்தான் கூப்பிட்டாய் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிறன்று கதவைத் திறந்தே வை அக்கா.

உன் தங்கை,
சிந்து