நீ புதைத்த நீலக் கேசிங்

ஐப்பசி ஒன்பது, காலை ஆறே கால் மணி. சேந்தமங்கலத்தில் உன் வீட்டுத் தெற்குச் சுவரில் மூன்று விரிசல். நடு விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுழைகிறது. சுவரோரம் முழங்கால் ஆழம் தோண்டியதும் சோப்புத் தண்ணீரும் அழுகிய மண்ணும் கலந்த நாற்றம் எழுந்தது. பிறகு நீலம் தெரிந்தது. போர்வெல்லில் இறக்கும் கேசிங் பைப். உடம்பெல்லாம் நீளநீளக் கீறல்.

போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து லீவுக்கு வந்தபோது நீ கொண்டுவந்த மிச்சம் அது. குளியலறைத் தண்ணீரும் மாடி மழைநீரும் தெருச் சாக்கடைக்குப் போக இதையே புதைக்கலாம் என்றாய். "லாரி ஏறுனாலும் ஒடையாதுடா" என்று அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டினாய். உடைவதைப் பற்றி யார் பேசினார்கள்? போர்வெல்லில் அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே வர வேண்டும். இங்கே அதன் வழியாக வெளியே கசியக் கூடாது. அதுவும் சுவரின் அஸ்திவாரக் கடைக்காலை ஒட்டி, களிமண்ணில். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலிருக்கும் சுவர் என்ன செய்யும்? சொன்னேன்.

"டிப்ளமோ படிச்சவன் பைப்புக்கும் பரிச்ச வெப்பான் போல" என்று சிரித்தாய். அன்று மாலைக்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாய். நீ கைகழுவிய தண்ணீர் மறுமுனையில் சாக்கடையில் விழுவதை உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எம்பையன் எஞ்சினியரு" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

போன வருடம் ஆவணியில் சுவர் ஓதம் பூத்திருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். சட்டீஸ்கரிலிருந்து கூப்பிட்டாய். கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேல் கத்தினாய்: "நீ சொன்னதுதாண்டா செரி. தீவாளிக்கு வாரேன், நோண்டி எடுத்துரலாம்."

தீபாவளிக்கு முன்பே வந்தாய், ஆம்புலன்ஸில். துளையிடும் ராடு மாற்றும்போது சங்கிலி அறுந்து உன்மேல் விழுந்ததாம்.

இன்று அந்த நீலத்தைப் பார்த்ததும் உன் அம்மா குழிக்குள் இறங்கி, பைப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பையன் கையால போட்டது சாமி. இந்த ஊட்டுல அவன் செஞ்சது இது ஒண்ணுதான். நோண்டாத."

"அவனே எடுக்கச் சொன்னானுங்க அம்மா."

"அவன் வந்து இல்லீன்னா சொல்லப் போறான்?"

"செவுரு உழுந்துருமுங்க."

"உழுந்தா எம்மேலதான உழும்."

அந்தச் சுவரையொட்டித்தான் அவர் கட்டில். வேறு அறையில் படுங்கள் என்றால், உன் படம் இங்கேதான் மாட்டியிருக்கிறது என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, உன்மேல். கொல்லிமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சேலையெல்லாம் சேறாகி அவர் நடுங்க ஆரம்பித்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கி வெளியே விட்டேன். எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை அவரிடம்.

நேராகப் பைப் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிமென்ட் பைப் சொன்னார். அது துண்டு துண்டாக வரும். இந்த மண் அசைந்தால் இணைப்பெல்லாம் வாய் பிளக்கும். விலை குறைந்த மெல்லிய பைப்பைக் காட்டினார். வண்டி ஏறினால் நசுங்கும். இணைப்பில் ரப்பர் வளையம் வைத்த, கெட்டியான கழிவுநீர்ப் பைப்பை எடுத்தேன். மண் அசைந்தாலும் வளையம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஒழுகாது. எந்தக் கடையில் எந்தப் பைப்பைத் தட்டிப் பார்த்தாலும் நீ சிரிப்பது காதில் விழுகிறது. எதிராளி போய்ச் சேர்ந்துவிட்ட வாதத்தில் ஜெயித்து என்ன செய்வது?

இனிச் செய்யப்போவது:

1. உன் பைப்பின் இரண்டு வாயையும் சிமென்ட் வைத்து அடைப்பேன். இப்போதைக்கு அது மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்.

2. புதிய பைப்பைச் சுவரை விட்டுத் தள்ளி, வேலியோரமாக, அடியில் மணல் பரப்பி, சாக்கடை வரை சரிவாகப் போடுவேன்.

3. அம்மாவின் கட்டிலையும் உன் படத்தையும் இன்றே முன்னறைக்கு மாற்றுவேன். கேட்டுக்கொண்டு செய்யப்போவதில்லை.

4. இந்த மழைக்காலம் முடிந்ததும் விரிசலை மறுபடி அளப்பேன். அகன்றிருந்தால் உன் பைப்பை முழுசாகத் தோண்டி எடுப்பேன். அம்மா அழுவார். உயிரோடு இருந்து அழட்டும்.