கூட்டாமல், குறைக்காமல்

நவ. 11, செவ்வாய்

விடியும்போதே தூறல். குடை எடுக்க மறந்தேன். வேலைக்குத் திரும்பி இரண்டாம் நாள். அப்பா போய்ப் பத்தொன்பது நாள். நெஞ்சுவலி, அரை மணி நேரம், அவ்வளவுதான். காரியம் போன வெள்ளியே முடிந்தது.

கம்பெனி பஸ்சில் வழக்கமான வலப்பக்க ஜன்னல். 6.40க்கு, ஒரகடம் கூட்ரோட்டுக்கு முன்னால், அப்பாவின் பஸ் எதிரே வந்தது. அது வேறு கம்பெனி வண்டி. நைட் ஷிப்ட் ஆட்களை வாலாஜாபாத்தில் இறக்கிவிட ஏழு வருடம் அதை ஓட்டினார். என் பஸ்சைக் கண்டால் இரண்டு சின்ன ஹாரன். நான் கையைத் தூக்குவேன். வீட்டில் நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது வேறு டிரைவர். மீசைக்காரர். ஹாரன் இல்லை. ஒன்றும் தோன்றவில்லை.

செய்ய வேண்டியவை: இறப்புச் சான்றிதழ் நகல் 5. காஸ் புத்தகத்தில் பெயர் மாற்றம். செருப்பு வார் தைக்க. மோரி சாரின் ஆடிட் ரிப்போர்ட் மொழிபெயர்ப்பு, இன்னும் 14 பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைப் பார்த்துச் சொன்னாள்: "சோறு வெச்சிகீது. பசிக்கிறவங்க போட்டுத் துன்னட்டும்."

போட்டுத் தின்றேன். ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

நவ. 12, புதன்

மழை இல்லை, புழுக்கம். இரண்டாம் லைனில் அச்சு உடைந்துவிட்டது. எங்கள் ஜப்பான் மேனேஜர் மோரி சார் ஜப்பானியத்தில் கத்தினார், நான் தமிழில் சொன்னேன். ஆபரேட்டர் தனசேகர் தமிழில் பதில் சொன்னான், நான் ஜப்பானியத்தில் சொன்னேன். பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. யார் பேசினாலும் அவராகவே நின்று "நான்" என்று சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

எல்லாம் முடிந்ததும் மோரி சார் லேசாகச் சிரித்தார். தனசேகர் என் பக்கம் வந்து:

"இன்னா மேடம், திட்டிட்டு சிரிச்சிகினு போறாரு? நக்கலா?"

நக்கல் இல்லை. கத்திவிட்டோமே என்று கூச்சம் வந்தால் அவர் முகம் அப்படித்தான் போகும். எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. முகத்தை மொழிபெயர்க்கச் சம்பளம் கிடையாது.

கேன்டீனில் புளிசாதம். பாதி வைத்துவிட்டேன்.

நவ. 13, வியாழன்

மோரி சார் கேட்டார்: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா, அப்பா படத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும். சரி என்றேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்து: "வரட்டும். வர்றவங்கள யாரு வாணான்னது."

அப்பா போன அன்று நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஐஸ் பெட்டிக்குப் போன் செய்தது நான். பந்தல், நாற்காலி 60, தண்ணீர் கேன் 8, மாலை. வந்தவர்களை "வாங்க, வாங்க" என்றேன். முகம் தானாகச் சிரித்தது. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் முகம், கழற்ற வரவில்லை. அம்மாவும் மற்ற பெண்களும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுத வட்டத்தில் நானும் போய் உட்கார்ந்தேன். அத்தை, அப்பாவின் தங்கை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"பெத்த அப்பன் படுத்துகினு கீறான், பல்லக் காட்டிகினு வர்றா பாரு."

அம்மா தன் தோளிலிருந்து என் கையை எடுத்துக் கீழே விட்டாள். அன்றிலிருந்து என்னைப் பார்த்து ஒரு பேச்சு இல்லை. கதவோடு பேசுகிறாள், அடுப்போடு பேசுகிறாள்.

அழுதுவிட்டால் தீர்ந்துபோகும். முயன்றும் பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டு. வரவில்லை. வெங்காயம் நறுக்கும்போது வந்தது. அப்போது பார்த்து அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

மற்றபடி மரத்துப்போய்த்தான் இருக்கிறேன். பயம் மட்டும் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு யாரும் இல்லை. அம்மா இப்படியே இருந்துவிட்டால்?

நவ. 15, சனி

நல்ல மழை. பஸ் பத்து நிமிடம் லேட். ஆனாலும் மீசைக்காரர் எதிரே வந்தார், அவரும் லேட். என் கை பாதி தூக்கிக்கொண்டது. இறக்கிவிட்டேன். பக்கத்து சீட் பெண் பார்த்தாள். தலையைச் சொறிவது போல் சமாளித்தேன்.

வாங்கியவை: மிக்சர், பிஸ்கட், பால் 1 லி., படத்துக்கு மாலை. செருப்பு தைத்தாயிற்று.

நவ. 16, ஞாயிறு

மழை விட்டது. பதினொன்றுக்கு மோரி சார் வந்தார். ஷூவைக் கழற்றி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். படத்தின் முன் குனிந்து ரொம்ப நேரம் நின்றார்.

புது ஆள் வந்ததும், காலையிலேயே வந்திருந்த அத்தை ஒப்பாரியை ஆரம்பித்தாள். கூடவே அம்மாவும். "என் ராசாவே, என்ன வுட்டுட்டு எப்டிய்யா போன?" மோரி சார் என்னைப் பார்த்தார். சொன்னேன். என்னை விட்டுவிட்டு எப்படிப் போனீர்கள் என்று, ஜப்பானியத்தில், ஷிப்ட் நேரம் சொல்கிற குரலில்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடம்: "சார், இவ உங்ககிட்ட நல்லா வேலை செய்வா. அப்பனுக்கு ஒரு சொட்டு கண்ணீர் வுடல சார். இன்னா மனசு இது? நீங்களே கேளுங்க."

குறைக்கவில்லை. முழுசாகச் சொன்னேன்.

மோரி சார் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு. இரண்டே வாக்கியம் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்துத் தமிழில்:

"எங்கப்பா செத்துட்டாருன்னு போன் வந்தப்ப நான் இங்க ஆடிட்ல இருந்தேன். அழல, ஆடிட்ட முடிச்சிட்டுத்தான் எழுந்தேன்."

அவர் சொன்னது அதோடு முடிந்தது. என் வாய் நிற்கவில்லை.

"தெனம் ஆறு நாப்பதுக்கு அவரு பஸ்சு எதுர்ல வரும். என் வண்டியப் பாத்தா ரெண்டு ஹாரன் அடிப்பாரு. நான் கைய தூக்குவேன். இப்ப வேற ஆளு ஓட்றாரு, அடிக்கறதில்ல. நான் இன்னும் அந்த ஜன்னலாண்டயேதான் குந்திகினு போறேன்."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு மோரி சாரைப் பார்த்தாள், பாவம் என்று. அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஏண்டி, அவங்கப்பாவும் ஒரகடத்துலதான் பஸ் ஓட்னாரா?"

அம்மா என்ன கேட்கிறாள் என்று மோரி சார் காத்திருந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.