பேச்சு இருக்கும்போதே

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே கொளுத்துற வெயில். ஃபர்ஸ்ட் ஷிப்ட். எங்க கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்ல ஃபேன் ஓடல.
சாப்பிடும்போது வீட்டுக்காரர், "ஸ்டெல்லா, அந்த செருப்ப கொஞ்சம் ஊத்து"ன்னார். கேட்டது சாம்பார். மகள் மெர்சிக்கு சிரிச்சு சிரிச்சு புரை ஏறிச்சு. அவரும் சிரிச்சார். ஒரு வாரமா இப்படித்தான். டிவி ரெயிலாம், ஹெல்மெட் பானையாம். தூக்கம் பத்தல போல.

ஜூன் 9, திங்கள்
இன்னிக்கு சிரிப்பு இல்ல. ஸ்டீல் கம்பெனியில கிரேன் ஓட்டும்போது, கீழ நின்னவங்கள "தள்ளு"ன்னு சொல்ல வார்த்தை வரலையாம். ஹாரன் அடிச்சு சமாளிச்சிருக்கார். உடனே இறங்கி சூப்பர்வைசர்கிட்ட, "இனிமே நான் ஏறல." நாளைக்கு மெட்ராஸ், ஆஸ்பத்திரி.
வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, இவருக்கு பனியன்.

ஜூன் 19, வியாழன்
ஸ்கேன், முதுகுல தண்ணி எடுத்தது, எல்லாம் முடிஞ்சுது. மூளை வேகமா கெட்டுப்போற வியாதியாம். அபூர்வம். இவருக்கு பேச்சுல ஆரம்பிச்சிருக்கு. மருந்து இல்ல. மாசக்கணக்குதான்னாங்க டாக்டரம்மா.
பஸ்ல அழுதேன். இவர் என் கையைத் தட்டி, "மெர்சி... நிச்சயம்... பேச்சு இருக்கச்சொல்லோ... நான் சொல்லணும்."
மெர்சியோட நிச்சயதார்த்தத்த ஆகஸ்ட்ல வெச்சிருந்தோம். சோழவரத்துக்கு போன் போட்டு, மாப்பிள்ளையோட அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கெயமயே வெச்சிக்கலாம்மா"ன்னார்.

ஜூன் 21, சனி
நாள் முழுக்க ஒத்திகை. "எங்க பொண்ண உங்க பையனுக்குக் குடுக்கறோம்." அவ்ளோதான். பையன் வருது, குடுக்கறோம் வருது. பொண்ணு வரமாட்டேங்குது.
மெர்சி, "நைனா, என் பேரையாவது சொல்லு."
"மெர்... மெ... மீட்டரு."
மூணு பேரும் தரையில விழுந்து சிரிச்சோம்.
பூ சொல்லியாச்சு. பிரியாணி சிக்கன்.

ஜூன் 22, ஞாயிறு
தூறல். ஊடு கொள்ளாத ஜனம். பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டு இவரைப் பார்த்தார். இவர் நிச்சயத் தாம்பூலத் தட்டைத் தூக்கினார்.
"எங்க... ஜன்னல... உங்க பையனுக்குக் குடுக்கறோம்."
தப்புன்னு இவருக்கே தெரிஞ்சுபோச்சு. தட்டைக் கீழ வெக்கப் பார்த்தார்.
சம்பந்தி எழுந்து ரெண்டு கையாலயும் தட்டைப் பிடிச்சார். "ஜன்னல வாங்கிக்கினோம் சம்பந்தி. எங்க ஊடு கொஞ்சம் இருட்டுதான்."
இவர்தான் முதல்ல சிரிச்சார். அப்புறம் எல்லாரும். நான் அழுதேனா சிரிச்சேனா, தெரியல.

ஜூன் 27, வெள்ளி
லீவு போட்டுட்டேன். காலையிலிருந்து இவர்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல. நாஷ்டா இன்னா வேணும்னு கேட்டேன். அடுப்பாண்ட வந்து தோசைக்கல்லைக் காட்டினார். நாலு சாப்பிட்டு, இன்னும் தட்டை நீட்டறார். மாவு தீர்ந்துபோச்சு. கடைக்குப் போகணும்.