நார்மல் என்று சொன்னேன்

9 செப்டம்பர் 2024, திங்கள்

இன்று மட்டும் முப்பத்தெட்டு காய்ச்சல் கேஸ். சாயம் ஊற்றி ஸ்லைடு கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் ஊதா. லேப் முதலாளி ஸ்ரீகாந்த் சார் வழக்கம்போல, "ஒரு ஸ்லைடுக்கு இவ்ளோ நேரம் பாத்தா கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான் ஜெயப்பிரியா" என்றார். பதினோரு வருஷமாக இந்த மண்ணூர்பேட்டை லேபில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து என் கழுத்துதான் வளைந்தது. அவருக்கு ஒன்றும் வளையவில்லை.

மாலை என் தம்பி வரதன் பேசினான். பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான், காண்ட்ராக்ட் ஆள். "ஒரு நாள் உட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப் போடுதுக்கா." மார்ச்சிலும் இதேதான். ரத்தம் பார்க்க வாடா என்றால் வரவில்லை. மருந்துக்கடையில் எதையோ மூன்று நாள் வாங்கித் தின்றுவிட்டுச் சரியாகிவிட்டது என்று திரிந்தான்.

11 செப்டம்பர், புதன்

வரதனை இழுத்து வந்து நானே விரலில் குத்தினேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. மலேரியாக் கிருமி, வைவாக்ஸ் வகை. ஊதிப்போன சிவப்பணுவுக்குள் ஒற்றைக் கல் வைத்த மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன். தம்பியுடையது என்றதும் ஸ்லைடை எடுத்துப் பெயரை இன்னொரு தரம் பார்த்தேன். இது வயதான அணுக்களைச் சீண்டாது. மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த இளசாகப் பார்த்து நுழையும். உள்ளே இருந்தபடி ஹீமோகுளோபினைத் தின்று பெருகும். இரண்டு நாளில் அணுவை உடைத்துக்கொண்டு எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அந்த நேரம்தான் இவனுக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

அவனிடம் சொன்னேன். "ரத்தத்துல இருக்கறத மூணு நாள் மாத்திரை கொன்னுடும். கொஞ்சம் ஈரல்ல போய்ப் படுத்துகினு இருக்கும். அதுக்கு வேற மாத்திரை, பதினாலு நாள். அத நீ சாப்டாததாலதான் மறுபடி வந்துகீது."

"பதினாலு நாளா? லீவு குடுக்க மாட்டான்க்கா."

"வேலைக்குப் போ. மாத்திரைய மட்டும் உடாத."

பட்டாபிராமில் அவன் வீட்டை ஒட்டி ஃபிளாட் கட்டுகிறார்கள். தொட்டித் தண்ணீர் மூடாமல் மாதக்கணக்கில் கிடக்கிறது. எந்த மகராசன் மூடப்போகிறான்.

12 செப்டம்பர், வியாழன்

பக்கத்துக் கிளினிக் டாக்டரம்மா வரதனுக்கு இரண்டு மாத்திரையும் எழுதிவிட்டார். ஆனால் ஈரல் மாத்திரையைத் தொடங்கும் முன் ஜி6பிடி டெஸ்ட் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சிவப்பணு உடையாமல் காக்கிற ஒரு நொதி அது. சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு அந்த ஈரல் மாத்திரையை, பிரைமாகுயினை, கொடுத்தால் அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான்.

எங்கள் லேபில் அந்த டெஸ்டுக்கான கிட் காலாவதியாகி ஒரு வருஷம் ஆகிறது. சார் புதிது வாங்கவில்லை. "இங்க யாருக்கும்மா அது குறையுது? நார்மல்னு போடு." போட்டேன். ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரும் திரும்பி வந்து ஒன்றும் கேட்டதில்லை.

வரதனின் மனைவி சாவித்திரி போன் செய்தாள். "அண்ணி, இந்த டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணுமா?" வெளியே அனுப்பினால் நாலு நாள் ஆகும். அதற்குள் காய்ச்சல் விட்டுவிடும், காய்ச்சல் விட்டால் இவன் மாத்திரையைத் தொடவே மாட்டான். "அவன் ரத்தத்த நான் பாத்துட்டேன். நார்மல். இன்னிக்கே ஆரம்பிச்சிடு" என்றேன்.

"நிச்சயமாண்ணி?"

"நிச்சயமா."

ரிப்போர்ட்டும் அடித்து அனுப்பினேன். தப்பு செய்கிறேன் என்று தோன்றவேயில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

காய்ச்சல் நின்றுவிட்டதாம். பிரியாணி சாப்பிட்டானாம்.

16 செப்டம்பர், திங்கள்

பஸ்ஸில் வரும்போது போன். "ஒண்ணுக்கு டிக்காஷன் மாதிரி போவுதுக்கா. கண்ணுகூட மஞ்சளா கீதுன்றா சாவித்திரி."

"தண்ணி குடிக்கிறியா? மெஷின் சூட்டுல நின்னுகினே இருந்தா அப்டிதான் போவும்."

"இடுப்பு கழண்டு போவுதுக்கா. மாத்திரைய நிறுத்தட்டா?"

"நிறுத்தாத."

அப்போதே அந்த டெஸ்டின் பெயர் மனதில் வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்த நோட்டும் பொய்யாகிவிடும். வந்தது. தள்ளிவிட்டு ஸ்லைடு பார்க்கப் போனேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

லேத் பக்கத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் நாலு. நாலுடா. பதினாலு இருந்த உடம்பு. உதடு வெள்ளைக் காகிதம் மாதிரி கீது.

இன்னாடி பண்ணிட்ட.

18 செப்டம்பர், புதன்

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பிரைமாகுயினுக்கு முன்னாடி ஜி6பிடி பாத்தீங்களா?"

சாவித்திரி பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். கசங்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். "பாத்தாச்சு டாக்டர். எங்க அண்ணியே லேப்லதான் இருக்காங்க. நார்மல்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்தக் கிருமி நூறு அணுவில் ஒன்றையோ இரண்டையோதான் உடைத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை உடைத்தது நான். உடைந்ததெல்லாம் போய்ச் சிறுநீரகத்தில் அடைத்துக்கொண்டதாம். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

20 செப்டம்பர், வெள்ளி

டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் ஜி6பிடி எடுத்துப் பார்த்தார்களாம். நார்மல்.

ஸ்ரீகாந்த் சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? நம்ம ரிப்போர்ட் கரெக்ட்டுதான். நீ அனாவசியமா பயந்த." டீ வாங்கி வரச் சொன்னார். அந்த டீயைக் குடித்தேன், வெட்கமில்லாமல்.

ஏன் நார்மல் என்று வந்தது என எனக்குத் தெரியாதா? நொதி தீர்ந்துபோன வயதான அணுக்கள் எல்லாம் உடைந்து போய்விட்டன. இப்போது ஓடுவது அவசர அவசரமாக மஜ்ஜை அனுப்பிய இளசுகளும், முன்பின் தெரியாத மூன்று பேரின் ரத்தமும். இளசுகளில் நொதி கொஞ்சம் இருக்கும். இரண்டு மூன்று மாதம் போய் எடுத்தால்தான் உண்மை தெரியும். அந்த மூன்று பேர் பாவம், யார் உயிரையோ காப்பாற்றுவதாக நினைத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த ரத்தம் இப்போது என் பொய்க்குச் சாட்சி சொல்கிறது.

பேசாமல் இருந்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

21 செப்டம்பர், சனி

இன்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று சாவித்திரி இட்லி வாங்கி வைத்திருந்தாள்.

23 செப்டம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன்.

நல்லவள் என்பதால் இல்லை. ரவுண்ட்ஸில் டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். மலேரியாவே சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கலாம், ஜி6பிடி நார்மல்தானே, தேறியதும் பிரைமாகுயினைத் திரும்பத் தொடங்கிப் பாக்கி நாளை முடித்துவிடலாம் என்று. ஷீட்டில் அந்தப் பெயரை எழுதவும் எழுதிவிட்டார்கள். எழுதும் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வராண்டாவில் அந்தச் சின்ன டாக்டரை நிறுத்தினேன். "அந்த டெஸ்ட் நாங்க பண்ணவே இல்ல. எங்க லேப்ல அதுக்கான கிட் கிடையாது. ரிப்போர்ட் நான் சும்மா அடிச்சது. நீங்க எடுத்ததும் இப்ப நம்ப முடியாது, ரத்தம் ஏத்தினப்புறம் எடுத்தது."

"நீங்க டெக்னீஷியன்தானே? தெரிஞ்சும்..."

"தெரியும்."

அவள் ஷீட்டை எடுத்து அந்த வரியை அடித்தாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதினாள். திரும்பினால் சாவித்திரி நிற்கிறாள். எவ்வளவு நேரமாகவோ.

"டெஸ்டே பண்லயா?" என்றாள். "நான் கேட்டன்ல அண்ணி? நிச்சயமான்னு கேட்டன்ல?"

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

30 செப்டம்பர், திங்கள்

வேலை போயிற்று. "உன் ஊட்டு விஷயத்துக்கு என் லேப் பேர இழுத்துட்ட" என்றார் சார். யார் கேட்டாலும், தன்னிடம் சொல்லாமல் நானே போட்ட ரிப்போர்ட் என்பாராம். சொல்லட்டும். கையெழுத்து என்னுடையதுதானே.

கிளம்புமுன் ரெஜிஸ்டரிலிருந்து, டெஸ்ட் செய்யாமல் நார்மல் என்று போட்டவர்களின் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டேன். முப்பத்தொன்று. கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு ஆட்கள்தான் அதிகம். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. போனில் கிடைத்தவர்களில் உள்ளூர்க்காரர் ஒருவர், "நல்லாத்தாம்மா கீறேன், நீ இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கெட்ட வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டார். யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை என்று எவ்வளவு தைரியமாக இருந்தேன். திரும்பி வரக்கூடிய நிலையில் இருந்தார்களா என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

28 நவம்பர், வியாழன்

பட்டாபிராம் போயிருந்தேன். வரதனுக்கு டயாலிசிஸ் இப்போது தேவையில்லையாம். நின்று வேலை செய்ய முடியவில்லை. கம்பெனியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வரதன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "வா" என்றான். சாவித்திரி தண்ணீர் கொடுத்தாள். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். இரு என்று யாரும் சொல்லவில்லை.

27 டிசம்பர், வெள்ளி

திரும்ப எடுத்த டெஸ்ட் வந்துவிட்டதாம். குறைவு. மிகவும் குறைவு. அந்தச் சின்ன டாக்டரைப் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "அம்மா வழியா வர்றது, நீங்களும் பாத்துக்குங்க" என்றாள்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறேன். ஞாயிறும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் சாவித்திரி பேசினாள். அவளாகப் பேசுவது செப்டம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"அவருக்கு மறுபடி குளிர் வந்துடுச்சி. இங்க கிளினிக்ல புது டாக்டர். மாத்திரை எழுதிக் குடுத்துகீறார். எழுத்து எழுத்தா படிக்கிறேன், இன்னான்னு சொல்லுங்க."

படித்தாள். முதலாவது குளோரோகுயின். இரண்டாவது, நான் பயந்த பிரைமாகுயினேதான்.

"மொதல்ல இருக்கறத குடு. ரெண்டாவது கூடவே கூடாது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட அந்த டாக்டர்கிட்ட காட்டு."

"நீங்க சொல்றீங்கன்னு நான் எதையும் செய்ய மாட்டேன்" என்றாள். "டாக்டரையே கேட்டுக்குறேன்." வைத்துவிட்டாள்.

லேபிள் ஒட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மெசேஜ் வந்தது.

'டாக்டர் ரெண்டாவத அடிச்சிட்டார்.'

சரி என்று பதில் போட்டேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த லேபிளை எடுத்தேன்.